வீட்டில் கட்டும் பெல்டியர் குளிர்பெட்டி: கேள்வி பதில்

பெல்டியர் தகடு (கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் சின்னத் தகடு) வைத்துக் கட்டிய என் ஆறு லிட்டர் தெர்மோகோல் குளிர்பெட்டியின் படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். இரண்டு முறை பிரித்துக் கட்டி, ஒரு தகட்டைக் கருக்கிய பிறகுதான் அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடுகிறது. அதனால் இதில் பாதி பட்டுத் தெரிந்துகொண்டது.

கேள்வி: அண்ணா, சென்னை ரிச்சி தெருவில் 12706 ரகப் பெல்டியர் தகடு வாங்கி 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸில் (வீட்டுக் கரண்டை 12 வோல்டாக மாற்றும் பெட்டி) கொடுத்தேன். இரண்டு நிமிடம் ஜில்லென்று இருந்தது, அப்புறம் இரண்டு பக்கமும் சுடுகிறது. போலித் தகடா?

பதில்: தகட்டைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. பெல்டியர் என்பது வெப்பத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இறைக்கிற மோட்டார். இறைத்த தண்ணீரை வாய்க்காலில் விடாமல் கிணற்று மேட்டிலேயே கொட்டினால் திரும்ப உள்ளேதானே போகும்? உங்கள் பெட்டியில் நடப்பது அதுதான்.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்டில் அந்தத் தகடு ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும், அதாவது 60 வாட். உள்ளிருந்து 20 வாட் வெப்பத்தை எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், சூடான பக்கம் வெளியேற்ற வேண்டியது 80 வாட். நீங்கள் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவு அலுமினிய ஹீட்சிங்க் (சூட்டைக் காற்றில் விடும் உலோகக் கட்டி) ஒரு வாட்டுக்கு ஒரு டிகிரி ஏறும் ரகம் என்றால், அறைச்சூட்டுக்கு மேல் 80 டிகிரி போய்விடும். என் முதல் தகடு கருகியதும் இப்படித்தான். பழைய கம்ப்யூட்டரிலிருந்து செப்புக் குழாய் ஓடும் சிபியு கூலர் ஒன்றை, 120 மில்லிமீட்டர் ஃபேனோடு எடுத்துப் போடுங்கள். அது வாட்டுக்குக் கால் டிகிரி ஏறும். அறையைவிட 20 டிகிரி கூடுதலோடு நின்றுவிடும்.

கேள்வி: டேட்டாஷீட்டில் (தகட்டின் விவரத்தாளில்) 15 வோல்ட் வரை தாங்கும் என்று இருக்கிறதே, கூட்டிக் கொடுத்தால் இன்னும் குளிருமா?

பதில்: குறைத்துக் கொடுங்கள். 1834-இல் பெல்டியர் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டுபிடித்த இந்தக் குளிரூட்டும் விளைவு மின்னோட்டத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. ஆனால் தகட்டின் மின்தடையால் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதில் பாதி குளிர்ப் பக்கத்துக்கே வந்து சேரும். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் குளிர்ச்சி இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. 6 ஆம்பியர் வரை தாங்கும் இந்த 12706 தகட்டுக்கு 2 முதல் 3 ஆம்பியர்தான் சிக்கனமான இடம்.

இரண்டு தகடுகளை சீரீஸில் (ஒன்றின் வழியே வந்த கரண்ட் அடுத்ததற்குப் போகும்படி) இணைத்து அதே 12 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ட் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 27 வாட் அளவில் எடுத்துக்கொண்டு, ஒற்றைத் தகடு 60 வாட்டில் செய்த அதே வேலையைச் செய்யும். வெளியேற்ற வேண்டிய வெப்பமும் 80-லிருந்து 47 வாட்டாக இறங்கும். இரண்டுக்கும் தனித்தனி கூலர் வேண்டும், செலவு அங்கேதான்.

கேள்வி: ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால்?

பதில்: வேண்டாம். மேல் தகடு தள்ளும் வெப்பத்தோடு தன் சூட்டையும் சேர்த்துக் கீழ்த் தகடு சுமக்க வேண்டும். ஒரே அளவுத் தகடுகளால் அது முடியாது.

கேள்வி: அண்ணா, என் பெட்டி 18 டிகிரிக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. வெளியே 32.

பதில்: முதலில் உள்ளே இருக்கும் குளிர் ஹீட்சிங்கின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். அதுவே 15 என்றால் கோளாறு சூடான பக்கத்தில். அது 3 டிகிரியில் இருந்து காற்று மட்டும் 18 என்றால், குளிர் பெட்டிக்குள் பரவவில்லை. உள்ளே ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். அதுவும் சூடு தரும் என்பதால் ஒரு வாட்டுக்கு மேல் போகாதது நல்லது.

அப்புறம் சுவர். ஓர் அங்குலத் தெர்மோகோலில் ஆறு லிட்டர் பெட்டி கட்டி, உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வித்தியாசம் வைத்தால், கிட்டத்தட்ட 8 வாட் உள்ளே கசியும். இரண்டு அங்குலமாக்கினால் 5 வாட். மூடி சரியாகப் பதியாவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. தகட்டின் தடிமன் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு ஹீட்சிங்கும் அவ்வளவு நெருக்கத்தில் இருந்தால் இடையில் தெர்மோகோல் வைக்க இடமிருக்காது. குளிர்ப் பக்கம் ஓர் அங்குல அலுமினியக் கட்டி வைத்து இடைவெளி உண்டாக்குங்கள். இரண்டையும் இறுக்கும் திருகாணிக்கு எஃகை விட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது, நைலான் வாஷரும் போடுங்கள். நான் முதலில் நான்கு தடித்த எஃகு போல்ட்டுகளை முறுக்கி, சூட்டுக்கு நானே பாலம் கட்டிக் கொடுத்தேன்.

கேள்வி: தெர்மோஸ்டாட் வைத்து ஆன்-ஆஃப் செய்தால் கரண்ட் மிச்சம்தானே?

பதில்: ஃபிரிட்ஜ் கம்ப்ரஸருக்குச் சரி. இங்கே தகடு நின்றதும் அதுவே பாலமாகி, சூடான ஹீட்சிங்கின் வெப்பம் அதன் வழியே உள்ளே திரும்பும். பக் கன்வர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சின்னச் சர்க்யூட்) போட்டு வோல்டேஜைத் தணித்துத் தொடர்ந்து ஓட விடுங்கள்.

கேள்வி: ஒரு லிட்டர் தண்ணீர் குளிர எவ்வளவு நேரம்?

பதில்: 32-லிருந்து 12 டிகிரிக்கு இறக்க 84 கிலோஜூல் எடுக்க வேண்டும். 20 வாட் முழுவதும் தண்ணீருக்கே போனால் 70 நிமிடம். கசிவையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். விருந்தாளி வந்த பிறகு பாட்டிலை உள்ளே வைக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவின் இன்சுலினை இதில் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். வெயில் நாளில் இது அங்கே இறங்காது. குளிர் நாளில் ஹீட்சிங்கை ஒட்டியிருக்கும் மருந்து உறைந்துபோகவும் கூடும், உறைந்தால் குப்பைதான். மோரும் பழமும் வைக்கத்தான் இந்தப் பெட்டி.

கேள்வி: சார், கடைசியாக, கரண்ட் பில்?

பதில்: இதை யாரும் கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஃபேன்களோடு 30 வாட், நாள் முழுக்க ஓடினால் முக்கால் யூனிட், அதுவும் ஆறு லிட்டருக்கு. 190 லிட்டர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குள்ளேயே முடித்துவிடும். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.