நாய்க்குட்டிக்கு ரம்புத்தான் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டுக்கு இரண்டு மாத நாய்க்குட்டி வந்திருக்கிறது. பின்கட்டில் ரம்புத்தான் மரம் காய்த்துக் குலுங்குகிறது. பிள்ளைகள் தாங்கள் தின்னும் பழத்தையெல்லாம் அதற்கும் ஊட்டுகிறார்கள். பழம் நல்லதுதானே?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, ரம்புத்தான் சதையால் கெடுதல் இல்லை. கொட்டைதான் வில்லங்கம். உரித்த பழத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள், எப்படி வழுக்குகிறது! குட்டி அதை மெல்லாது, அப்படியே விழுங்கிவிடும். கொட்டை தொண்டையில் சிக்கலாம், குடலை அடைக்கலாம். அடைத்துவிட்டால் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கொடுப்பதானால் கத்தியால் சதையை மட்டும் சீவி, நகத்தளவு இரண்டு துண்டு போதும். லங்சாட், சிக்கு, மாம்பழம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை: திராட்சை. திராட்சைப் பழமும் சரி, உலர்ந்த திராட்சையும் சரி, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சர்க்கரைப் பொங்கலிலும் பாயாசத்திலும் நெய்யில் வறுத்துப் போடுகிறோமே, அதுவும்தான். இத்தனை தின்றால்தான் ஆபத்து என்று கணக்குச் சொல்ல முடியாது; ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொன்றைச் சாய்த்துவிடும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று 2021 முதல் ஆய்வாளர்கள் வலுவாகச் சந்தேகிக்கிறார்கள். அந்த அமிலம் நம் புளியிலும் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதுண்டு. ஆகவே மிச்சமான புளிச்சோறும் ரசச்சோறும் நாய்த் தட்டுக்குப் போகவே கூடாது.

திராட்சை தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே உயிருக்கு ஆபத்து. ஈப்போவரை போக நேர்ந்தாலும் சரி, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சிறுநீரகம் கெடுவது ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதற்குள் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும்.

பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழமும் சிறுநீரகத்துக்கு ஆகாது. டுரியானில் கொழுப்பு அதிகம், குட்டிக்கு வேண்டாம். விதை நீக்கிய பப்பாளி, தர்பூசணி, ஒரு வில்லை பிசாங் மாஸ் வாழைப்பழம் கொடுக்கலாம். புதுப் பழம் ஒவ்வொன்றாகத்தான். கொடுத்தபின் இரண்டு நாள் மலத்தைக் கவனியுங்கள். பழம் போன்ற இடைத்தீனி எல்லாம் சேர்ந்து ஒரு நாள் உணவின் சக்தியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வளரும் குட்டிக்குச் சத்து குட்டிகளுக்கான உணவிலிருந்துதான் வர வேண்டும்.

தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் இரத்தப் பேதியும் வந்தால் பழத்தின்மேல் பழிபோட்டு வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். பார்வோ என்ற கொடிய தொற்றுநோயாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

பிள்ளைகளிடம் ஒரு வேலை ஒப்படையுங்கள்: காலையில் குட்டியை அவிழ்த்துவிடுமுன் மரத்தடியைக் கூட்டிவிட வேண்டும். இரவில் வௌவால் கடித்துப் போட்ட கொட்டையும், புளித்துப்போன பழமும் அங்கேதான் கிடக்கும்.