அத்தையிடம் கேட்டீர்களா?

கேள்வி: என் அப்பா ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்த படங்களின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் போடுகிறேன். தம்பியும் தங்கையும் ஒரு வார்த்தைகூட எழுதுவதில்லை. ஸ்கேனரில் தூசி நீக்கும் வசதியைப் போட்டால் முகங்கள் சிதைகின்றன. 'இந்து' ஃபிலிம் சுருள்கள் சிலவற்றில் யாரென்றே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கும் அத்தைக்கு வாட்ஸ்அப் தெரியாது என்பதால், அவற்றைக் கழித்துவிட நினைக்கிறேன். நெகட்டிவ் பெட்டி வேறு காடி (வினிகர்) வாடை அடிக்கிறது. இந்த வேலையையே நிறுத்திவிடலாமா? - வாசகர், கோவை.

பதில்: உடன்பிறந்தவர்களின் பாராமுகத்தைப் பற்றி நிறைய வருந்தியிருக்கிறீர்கள். அத்தையைப் பற்றி எழுதியிருப்பது ஒரே ஒரு வரி, அதுவும் போகிற போக்கில். எனக்குப் பேச வேண்டியிருப்பது அந்த வரியைப் பற்றித்தான்.

அத்தைக்கு வாட்ஸ்அப் தெரியாவிட்டால் என்ன, உங்களுக்கு அம்பாசமுத்திரத்துக்கு வழி தெரியாதா? உங்கள் அப்பாவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர் அவர். அந்த முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர் என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதும் அவர் ஒருவரைத்தான். அவரைக் கேட்காமலேயே, தெரியாதவர்கள் என்று தீர்ப்பு எழுதிச் சுருளைக் குப்பையில் போட உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

அந்தக் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஃபிலிமுக்கு ஒரு செலவு, அதைக் கழுவுவதற்கு ஒரு செலவு என்று கணக்குப் பார்த்து வாழ்ந்த காலத்தில், அந்தப் பன்னிரண்டில் ஒன்றை ஒருவருக்காக உங்கள் அப்பா ஒதுக்கினார் என்றால், அவர் அப்பாவுக்கு வேண்டியவர். உங்களுக்குத் தெரியாதவர் என்பதால் அவர் யாரோ ஆகிவிட மாட்டார். 'இந்து' ஃபிலிமைத் தயாரித்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் உதகையில் உற்பத்தியைத் தொடங்கியதே 1967-இல்தான் என்பதால், அந்தச் சுருள்கள் அதற்குப் பிந்தியவை என்று சொல்லிவிடலாம். ஃபிலிமைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிவது அவ்வளவுதான். படத்தில் இருப்பது யார் வீட்டுத் திண்ணை, அந்தக் குழந்தை பிழைத்ததா, அந்தப் பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்பதையெல்லாம் அத்தைதான் சொல்ல வேண்டும்.

காடி வாடை அடிக்கிறதென்றால், ஃபிலிமின் அடித்தளமான அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிவரும் அமிலம் அந்தச் சிதைவை மேலும் விரைவுபடுத்துவதோடு, பக்கத்தில் இருக்கும் நல்ல சுருளையும் கெடுக்கும். ஆகவே வாடை அடிப்பவற்றை இன்றே தனியாகப் பிரித்து, காற்றுப் புகும் அட்டைப் பெட்டிக்கு மாற்றி, அவற்றையே முதலில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அந்தத் தூசி நீக்கும் வசதி ஆகவே ஆகாது. அது அகச்சிவப்புக் கதிரை மறைப்பதையெல்லாம் தூசி என்று கணக்கிடுகிறது; பிம்பமாக நிற்கும் வெள்ளித் துகள்களும் அந்தக் கதிரை மறைப்பதால், கருவி முகத்தையே தூசியாக எடுத்துக்கொண்டு திருத்திவிடுகிறது. அதை அணைத்துவிட்டு, கை ஊதுபையால் தூசியை ஊதிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

பிறகு, அந்த முகங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போங்கள். போன அன்றே திரும்பாமல் இரண்டு நாள் தங்குங்கள். எந்த வருஷம் என்று துருவிக் கேட்காதீர்கள். ஒரு படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அவரிடம் சொல்லிவிட்டுச் செல்பேசியில் குரலைப் பதிவுசெய்தபடி, பேசாமல் உட்கார்ந்திருங்கள். வேண்டாம் என்று அவர் ஒதுக்கும் படம் குழுவுக்குப் போகக் கூடாது. வீட்டுப் பெரியவரின் சம்மதம் இல்லாமல் பழைய படங்களை ஊருக்குக் காட்டுவதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

குழுவில் பாராட்டு வருகிறதா என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பெயரில்லாத படங்களை நாள்தோறும் போட்டால் தம்பியும் தங்கையும்தான் என்ன எழுதுவார்கள்? வாரத்துக்கு ஒரு படம், அதோடு அத்தையின் குரல் என்று அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

அவர் சொல்லும் பெயர்களை நெகட்டிவ் உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை ஊறி ஃபிலிமில் இறங்கும். நெகட்டிவை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.