ஓபன் பேக் ஹெட்போன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பாட்டு, படம், கேம் மூன்றுக்கும் ஒரே ஹெட்போன் வேண்டும். நடுத்தர விலையில் எந்த ஓபன் பேக் வாங்கலாம்?

மாடலைப் பார்ப்பதற்கு முன் உங்கள் அறையைப் பாருங்கள். ஓபன் பேக்கில் டிரைவருக்கு (ஒலி எழுப்பும் பாகம்) பின்னால் மூடி கிடையாது, வலைதான். பாட்டு வெளியே போகும், வெளிச்சத்தம் உள்ளே வரும். தலைக்கு மேல் மின்விசிறி இரையும் அறையில் அந்த இரைச்சலை ஜெயிக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள். நஷ்டம் காதுக்குத்தான். அறை அமைதியாக இல்லை என்றால் மூடிய ஹெட்போனே நல்லது.

அறை சரி என்றால், மூன்றுக்கும் பொதுவாக நான் முதலில் சொல்வது சென்ஹைசர் எச்டி 560எஸ். 240 கிராம்தான், மின்தடை 120 ஓம், லேப்டாப்பிலேயே நன்றாக ஓடும். குரலும் வாத்தியமும் சமமாக வரும், கேமில் திசை தெளிவாகத் தெரியும். பாட்டுதான் முக்கியம், அதிலும் குரல்தான் உயிர் என்பவர்களுக்கு எச்டி 600. 1997இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. பேட், கேபிள், தலைப்பட்டை என்று எல்லா உதிரிபாகமும் கிடைப்பதால் பல வருடம் உழைக்கும். பேஸ் கொஞ்சம் அதிகம் வேண்டும், மணிக்கணக்கில் மாட்டியிருக்க வேண்டும் என்றால் பேயர்டைனமிக் டிடி 900 ப்ரோ எக்ஸ். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ பிளேனார் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி எழுப்பும்), அடி பேஸ் குறையாமல் ஆழம்வரை வரும். ஆனால் 390 கிராம். கழுத்து தாங்குமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

ஓபன் பேக்கில் பேஸே வராது என்கிறார்களே?

வரும், ஆனால் அடி பேஸ் குறையும். டிரைவரின் அதிரும் சவ்வான டயஃப்ரம் முன்னால் தள்ளும்போது பின்னால் எதிர் அலை பிறக்கிறது. மூடி இல்லாததால் தாழ்ந்த அலைவரிசையில் அந்த இரண்டும் சந்தித்து ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. டைனமிக் டிரைவர் (காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட வழக்கமான வகை) உள்ள பல ஓபன் பேக்குகளில் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிவது இதனால்தான்.

ஈக்யூ போடலாம், அதாவது வேண்டிய அலைவரிசையை மட்டும் ஏற்றி இறக்கலாம். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். 100 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ளதை மொத்தமாக ஏற்றும் அமைப்பு) வைத்து 4, 5 டெசிபல் ஏற்றுங்கள். அதே அளவு ப்ரீஆம்பை (மொத்த ஒலியளவு) கட்டாயம் இறக்குங்கள். 5 ஏற்றினால் ப்ரீஆம்ப் மைனஸ் 5. இதை விட்டுவிட்டால் பாட்டில் சத்தமான இடங்களில் ஒலி கிழியும், பழி ஹெட்போன் மேல் விழும். பேஸ் போதவில்லை என்று வால்யூமை மட்டும் ஏற்றாதீர்கள். மற்ற எல்லாமும் சேர்ந்து ஏறும்.

டிடி 990 ப்ரோவில் 80 ஓம், 250 ஓம் இரண்டும் இருக்கிறது. ஓம் அதிகமானால் தரம் அதிகம் என்று நண்பர் சொல்கிறார். சரியா அண்ணா?

இல்லை தம்பி. ஓம் தரத்தின் அளவு அல்ல, எவ்வளவு வோல்டேஜ் கேட்கும் என்பதற்கான குறிப்பு. ஒரு வோல்ட் கொடுத்தால் 80 ஓமுக்கு 12.5 மில்லிவாட் போகும், 250 ஓமுக்கு 4 மில்லிவாட். 250 ஓம் மாடலின் உணர்திறன் மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு வோல்டில் 102 டெசிபல். போதும், போதும். ஆனால் அந்த ஒரு வோல்ட் கிடைக்க வேண்டுமே; தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) இல்லை என்றால் 80 வாங்குங்கள். எதை வாங்கினாலும் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ட்ரெபிள் (கீச்சு ஒலி) துருத்திக்கொண்டு நிற்கும். ‘ஸ’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் சிலருக்குக் காதைக் குத்தும். வாங்குவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

சார், ஓமுக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை என்று நீங்கள் சொல்வது தவறு. என் எச்டி 600ஐ டாங்கிளிலும் (போனில் செருகும் குட்டி ஒலிக்கருவி) கேட்டேன், டியூப் ஆம்பிலும் (வெற்றிடக் குழாய் ஆம்ப்) கேட்டேன். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆம்ப் இல்லாமல் 300 ஓம் ஹெட்போன் உயிர் பெறாது.

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். இரண்டையும் ஒரே வால்யூமில் கேட்டீர்களா? அரை டெசிபல் கூடினாலே நம் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு, விரிவு என்றுதான் சொல்லும். மல்டிமீட்டரால் இரு பக்கமும் வோல்டேஜைச் சமமாக்கி, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

எச்டி 600க்கு ஒரு வோல்டில் 97 டெசிபல் என்பது நிறுவனம் தரும் அளவு. நிறைய டாங்கிள்கள் அந்த ஒரு வோல்டைத் தருகின்றன. சத்தம் குறைவாகப் பதிவான இசையில் இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று தோன்றும். அந்தக் குறையை ஆம்ப் தீர்க்கும். அது சத்தத்தின் குறை, தரத்தின் குறை இல்லை.

சத்தத்தைச் சமமாக்கித்தான் கேட்டேன். டியூப் ஆம்பில் பேஸ் கனமாக, இதமாக இருக்கிறது. கற்பனை என்கிறீர்களா?

கற்பனை இல்லை. உங்கள் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் சொந்த மின்தடை, அதுவும் ஓமில்தான்) அதிகமாக இருக்கும். எச்டி 600 பெயருக்குத்தான் 300 ஓம்; 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500 ஓமைத் தாண்டிவிடும். ஆம்பின் அவுட்புட் 120 ஓம் என்று வைத்துக்கொண்டால், மற்ற இடங்களைவிட அங்கே ஏறக்குறைய 1 டெசிபல் கூடுதலாக வரும். நீங்கள் கேட்ட கனம் இதுதான். டாங்கிளின் அவுட்புட் ஓரிரு ஓம்தான் என்பதால் இந்த ஏற்றம் அதில் இருக்காது. அதே ஆம்பில் எச்இ400எஸ்இ மாட்டிப் பாருங்கள். பிளேனாரின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஒன்றே என்பதால் இந்தக் கனம் வராது.

அப்படியானால் நான் சொன்னது சரிதானே?

வித்தியாசம் இருக்கிறது என்றீர்களே, அது சரி. ஆம்ப் இல்லாமல் உயிர் பெறாது என்றீர்களே, அது சரியில்லை. அந்த ஒரு டெசிபலை ஈக்யூவிலும் வாங்கலாம். உங்களுக்கு அந்த ஆம்ப் பிடித்திருக்கிறது, சந்தோஷமாகக் கேளுங்கள். புதிதாக வாங்குபவர் முதலில் ஹெட்போனில் பணம் போடட்டும்.

எச்டி 560எஸ், டிடி 900 ப்ரோ எக்ஸ், எது பெஸ்ட்?

முதல் பதிலைப் படியுங்கள்.

படம் பார்க்கும்போது வசனம் கேட்க மாட்டேன் என்கிறது, வெடிச்சத்தம் மட்டும் காதைப் பிளக்கிறது. ஹெட்போன் கோளாறா?

ஹெட்போன் மேல் தப்பில்லை. வசனம் பெரும்பாலும் 5.1இன் (படத்தின் ஆறு சேனல் ஒலி) நடு சேனலில் இருக்கும். அதை இரண்டு காதுக்கு மடக்கும்போது பிளேயர் எவ்வளவு கலக்கிறது என்பதில்தான் விஷயம். ஸ்டீரியோ ட்ராக் தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பிளேயர் அமைப்பில் நடு சேனலை 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். இன்னொன்று, இப்படி மடக்கும்போது எல்எஃப்இ எனும் தனி பேஸ் சேனலைப் பல பிளேயர்கள் அப்படியே விட்டுவிடும். படத்தில் அதிர்வே இல்லை என்று ஹெட்போனை மாற்றுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

கேமுக்கு 7.1 சரவுண்ட் ஹெட்போன்தானே வாங்க வேண்டும்?

வேண்டாம். காது இரண்டு, டிரைவரும் இரண்டு போதும். திசை உணர்வைத் தருவது மென்பொருள் போடும் கணக்கு. அந்தக் கணக்கு கேமின் உள்ளேயே எச்ஆர்டிஎஃப் அல்லது ஹெட்போன் மோட் என்ற பெயரில் இருக்கலாம், விண்டோஸ் சோனிக் மாதிரி வெளியிலும் இருக்கலாம். ஏதாவது ஒன்றை மட்டும் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் காலடிச்சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் குழம்பும்.

மைக்?

தனி மைக் வாங்குங்கள். கார்டியாய்ட் வகை (முன்னால் வரும் ஒலியை அதிகம் பிடிப்பது), வாய்க்கு அருகில். ஓபன் பேக்கிலிருந்து ஒலி வெளியே கசியும், மைக் தூரத்தில் இருந்தால் உங்கள் கேம் சத்தம் எதிர்முனையில் கேட்கும்.

கண்ணாடி போடுபவன். எது வலிக்காது?

வெல்வெட் போன்ற மெத்துப் பேட், லேசான பிடி. பேயர்டைனமிக் இதில் நல்லது. எச்டி 600 புதிதில் தலையை இறுக்கும்.

100 மணி நேரம் பர்ன்-இன் (புது ஹெட்போனில் பாட்டை ஓடவிட்டுப் பழக்குவது) செய்ய வேண்டுமா?

வேண்டாம். உங்கள் காது பழகும், பேட் அமுங்கும். பேட் அமுங்கினால் டிரைவர் காதுக்கு அருகில் வந்து ஒலி உண்மையிலேயே மாறும். அதனால் பழைய பேட்டை மாற்றுங்கள்.

எச்டி 600ஆ, டிடி 990ஆ? எதை எடுக்க?

மேலே இரண்டையும் பற்றி எழுதியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். மாடல் பெயர் மட்டும் அனுப்பினால் என்னால் உதவ முடியாது. அறை எப்படி, எதில் மாட்டுவீர்கள், எந்த மாதிரி இசை என்று சொல்லுங்கள்.

தினமும் ஆறு மணி நேரம் கேம் ஆடுகிறேன். காதுக்கு ஆபத்தா?

வால்யூமைப் பொறுத்தது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 90இல் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். நீங்கள் வாரம் 42 மணி நேரம் ஆடுகிறீர்கள், 80இலேயே வரம்பைத் தாண்டியாகிவிட்டது. திரும்பவும் சொல்கிறேன்: மின்விசிறிச் சத்தத்துக்குப் போட்டியாக வால்யூமை ஏற்றாதீர்கள்.

பழைய எச்டி 600 ஒன்று விற்பனைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க?

20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் டோன் ஒன்றைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, இடம் வலம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு பக்கம் ஈ பறப்பதுபோல் கரகரத்தால் உடனே விலகிவிடாதீர்கள். பேட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் மெல்லிய நுரையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் டயஃப்ரத்தின் மேல் ஒரு தலைமுடி கிடக்கும். ஊதாதீர்கள், ட்வீசரால் மெதுவாக எடுங்கள். முடி போன பிறகும் கரகரத்தால் அது டிரைவர் கோளாறு, வாங்க வேண்டாம். பேட் தட்டையாகிப் போயிருந்தால் புதுப் பேட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.