உலக வங்கியின் வேளாண் பிரிவில் என்ன வேலை நடக்கும்?

உலக வங்கியின் வேளாண் பிரிவில் இருப்பவர்களே திட்டங்களை நடத்துவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நடத்துவது கடன் வாங்கும் அரசுதான். வங்கி ஆட்கள் அரசுடன் சேர்ந்து திட்டத்தை வடிவமைத்து, இயக்குநர் குழுவின் ஒப்புதல் வாங்குவார்கள். அப்புறம் பல ஆண்டுகள் களத்துக்குப் போய்ப் பார்த்து, கணக்கையும் கொள்முதலையும் சரிபார்ப்பார்கள்.

சீனாவின் லோயஸ் பீடபூமியில் 1994இல் தொடங்கிய திட்டத்தைப் பாருங்கள். மண் அரித்து மஞ்சள் ஆற்றில் கலந்துகொண்டிருந்த சரிவுகளில் அடுக்கு வயல்கள் அமைத்தார்கள், மரம் நட்டார்கள். ஆடுகளை அவிழ்த்துவிட்டு மேய்ப்பதற்கும் தடை வந்தது. பிழைப்பே மேய்ச்சலாக இருக்கும்போது யார் சம்மதிப்பார்கள்? சீர்செய்த நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை நீண்டகால ஒப்பந்தமாக அங்கே வாழ்ந்த விவசாயக் குடும்பங்களுக்கே கிடைத்தது. இந்த மாதிரி ஏற்பாட்டை யோசித்து அரசோடு பேசி முடிப்பதுதான், என் பார்வையில், இந்த வேலையிலேயே மிகக் கடினமான பகுதி.

சேர விரும்பினால் பொதுவாக முதுகலைப் பட்டமும் கள அனுபவமும் எதிர்பார்ப்பார்கள்.