நட்பு வட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும் தந்தை: இயல்பா, மனச்சோர்வா?

கேள்வி: என் தந்தைக்கு 69 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு பழைய அலுவலக நண்பர்களின் அழைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தவிர்த்துவிட்டார். கூட்டம் சேரும் விழாக்களுக்கும் வருவதில்லை. ஆனால் அம்மாவிடமும் பேரக்குழந்தைகளிடமும் கலகலப்பாகப் பேசுகிறார். பள்ளிக்கால நண்பர் ஒருவரை வாரந்தோறும் தவறாமல் சந்திக்கிறார். இது மனச்சோர்வின் அறிகுறியா? வற்புறுத்தியாவது வெளியே அழைத்துச் செல்ல வேண்டுமா?

பதில்: உங்கள் தந்தை விட்டுவிட்ட உறவுகளைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கோ அவர் விடாமல் வைத்திருக்கும் உறவுகளே முக்கியமாகப் படுகின்றன. மனைவி, பேரக்குழந்தைகள், பள்ளிக்கால நண்பர் என்று நெருங்கியவர்களிடம் ஒட்டுதல் குறையாதபோது, வெளிவட்டம் சுருங்கியதை மட்டும் வைத்து மனச்சோர்வு என்று முடிவுகட்ட நான் தயங்குவேன்.

முதியவரும் சமூகமும் ஒருவரிடமிருந்து ஒருவர் படிப்படியாக விலகிக்கொள்வது இயற்கை என்று எலைன் கம்மிங்கும் வில்லியம் ஹென்றியும் 1961-இல் எழுதினார்கள். அதை ஏற்காத மற்றொரு தரப்பினர், முதுமையிலும் பலரோடு பழகிச் சுறுசுறுப்பாக இருப்பதே நலம் என்றார்கள். வீடுகளில் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் ‘வெளியே போய் நாலு பேரைப் பாருங்கள்’ என்ற அறிவுரை இந்த இரண்டாவது தரப்பைச் சேர்ந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் வேறொரு விளக்கம் தந்தார். ஒரே நபர்களை 34 ஆண்டுக் காலத்தில் பலமுறை நேர்காணல் செய்து திரட்டிய பதிவுகளை ஆராய்ந்து 1992-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, மேலோட்டமான பழக்கங்கள் குறையத் தொடங்குவது முதுமையில் அல்ல, இளமைப் பருவத்திலேயே; நெருங்கிய உறவுகளின் பிணைப்போ ஆண்டுகள் செல்லச் செல்ல நிலைத்திருக்கிறது, அல்லது வலுக்கிறது.

காரணம் வயதல்ல, இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று ஒருவர் மனத்தில் போடும் கணக்கு என்பது அவர் வாதம். இதைச் சோதிக்க அவரது குழு கேட்ட கேள்வி மிக எளியது. உங்களுக்கு அரைமணி நேரம் ஓய்வு கிடைத்திருக்கிறது; நெருங்கிய குடும்பத்தினர் ஒருவர், அண்மையில் அறிமுகமாகி மனம் ஒத்துப்போகும் ஒருவர், நீங்கள் இப்போது படித்து முடித்த நூலின் ஆசிரியர் ஆகிய மூவரில் யாருடன் அதைக் கழிப்பீர்கள்? முதியவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தினரைச் சொன்னார்கள்; இளைஞர்களிடம் அப்படி ஒரு சாய்வு இல்லை. விரைவில் தொலைதூரத்துக்குத் தனியே குடிபெயரப் போவதாகக் கற்பனை செய்யச் சொன்னதும் இளைஞர்களும் குடும்பத்தின் பக்கம் திரும்பினார்கள். புதிய மருத்துவத்தால் ஆயுள் 20 ஆண்டுகள் கூடும் என்று எண்ணிக்கொள்ளச் சொன்னபோது முதியவர்களின் சாய்வும் மறைந்தது.

ஆகவே உங்கள் தந்தை மனிதர்களை வெறுத்து ஒதுங்குவதாகக் கொள்ள வேண்டியதில்லை. எஞ்சிய நேரத்தை யாருக்குத் தருவது என்று அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கலாம். வற்புறுத்தல் இங்கே பெரும்பாலும் எரிச்சலைத்தான் வளர்க்கும்.

எனினும் ஒன்றைச் சோதித்துவிடுங்கள்: அவருடைய காதுகள். கூட்டத்தைத் தவிர்த்து, ஒருவரோடு மட்டும் நன்றாகப் பேசும் முதியவரிடம் நான் முதலில் சந்தேகிப்பது கேட்கும் திறன் குறைவைத்தான். முதுமையில் பொதுவாக உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மங்குகின்றன. அமைதியான அறையில் எதிரே அமர்ந்தவரின் பேச்சு புரியும். பலர் ஒரே நேரத்தில் பேசும் இடத்திலும், உதட்டசைவு தெரியாத தொலைபேசியிலும் சொற்கள் குழம்பும். திரும்பத் திரும்ப ‘என்ன?’ என்று கேட்கக் கூசுபவர், வரவே விருப்பமில்லை என்று சொல்லிவிடுவார்.

மனச்சோர்வு என்றால் சுருக்கம் வெளிவட்டத்தோடு நிற்காது. பேரக்குழந்தைகளின் வருகையும் அவரைத் தொடாது. அந்த வாராந்தரச் சந்திப்பும் நின்றுபோகும். முதியவர்கள் பலர் ‘வருத்தமாக இருக்கிறது’ என்று சொல்வதில்லை. உடல்வலி, அசதி, தூக்கமின்மை, பசியின்மை என்றே முறையிடுவார்கள். இத்தகைய மாற்றம் நாளின் பெரும்பகுதியிலும் அநேகமாக எல்லா நாட்களிலும் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடு, பி12 சத்துக் குறைவு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும், அவர் உட்கொள்ளும் மருந்துகளின் முழுப் பட்டியலும் உதவும். வாழ்வதில் பொருளில்லை என்ற வகையில் அவர் பேசினால், இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே உதவி தேடுங்கள்.

சிறிய வட்டத்தில் ஒரு பலவீனம் இருப்பதை மறுக்க முடியாது. அந்தப் பள்ளி நண்பர் நோயுற்றாலோ இடம் மாறினாலோ, வீட்டுக்கு வெளியே உங்கள் தந்தைக்கு யாரும் மிஞ்சமாட்டார்கள். அதனால் விழாக்களுக்கு இழுப்பதை விட்டுவிட்டு, பழைய அலுவலக நண்பர்களில் ஒருவரை மட்டும் வீட்டுக்கு அழைக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். யாரை என்பதை அவரே சொல்லட்டும்.