‘அனைத்து உரிமைகளும்’ என்ற ஒரு வரி

கேள்வி: என் முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட ஒரு பதிப்பகம் முன்வந்திருக்கிறது. இரண்டு பக்க ஒப்பந்தம் அனுப்பி, சென்னை புத்தகக் காட்சிக்கு நூல் வர வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். ‘நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே’ என்று ஒரு வரி இருக்கிறது. ராயல்டி 10 சதவீதம். கையெழுத்துப் போடலாமா?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: இந்த வெள்ளிக்கிழமை வேண்டாம். புத்தகக் காட்சி அடுத்த ஜனவரியிலும் வரும்.

சிக்கல் அந்த ஒரு வரியில்தான். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாமே அந்த ‘அனைத்து’க்குள் அடங்கிவிடும். புத்தகம் போடுகிறவருக்கு அச்சு உரிமை போதும். சினிமா உரிமையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார்? வரியை அடித்துவிட்டு, ‘தமிழில் அச்சு நூலாக வெளியிடும் உரிமை மட்டும், மூன்று ஆண்டுகளுக்கு’ என்று எழுதி அனுப்புங்கள். நல்ல பதிப்பாளர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காலத்தைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். இது தெரியாமல் என் முதல் நாவல் கைவிட்டுப் போய்விட்டது என்றே பன்னிரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த ஐந்தாண்டுக் கணக்கு செல்லாது. அது உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டும். பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் போகும். எழுதி வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்றும் அதே பிரிவு சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர. அப்படி ஏதாவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அப்புறம் ராயல்டி. 10 சதவீதம் சரி, எதில் 10? புத்தக விலை 200 ரூபாய் என்று வையுங்கள். அச்சிட்ட விலையில் என்றால் பிரதிக்கு 20 ரூபாய். ‘நிகர வரவில்’ என்றிருந்தால், கடைக்காரருக்கு 40 சதவீதக் கழிவு போக வருவது 120, அதில் உங்களுக்கு 12. ஐந்நூறு பிரதிக்கு 4,000 ரூபாய் வித்தியாசம். நூலக ஆணையில், அதாவது அரசு நூலகங்கள் வாங்கும் கணக்கில், போகும் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டா, வருஷத்தில் எந்த மாதம் கணக்கு வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்’ என்பது பதில் இல்லை.

நாளைக்கே மொழிபெயர்ப்பு உரிமையை விற்றுத் தருகிறேன் என்று ஒரு முகவர் வரலாம். முகவருக்கு வருமானம் விற்ற பணத்தில் கிடைக்கும் கமிஷன்தான். கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்க்கவே முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

திருத்திய இடங்களில் இரண்டு தரப்பும் சுருக்கொப்பமிட்டு, ஒரு பிரதியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் ஒப்பந்தத்தில் காலம் போட்டிருக்கிறதா என்று பார்க்க, நான் அந்தப் பதிப்பகத்துக்கே போன் செய்து கேட்க வேண்டியிருந்தது.