மாமியார் வீட்டில் வசிப்பதாகச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கும் என் கணவர் அமெரிக்கக் குடிமகன். எட்டு மாதங்களுக்கு முன் கீழக்கரையில் எங்கள் நிக்காஹ் நடந்தது. ஊர் வழக்கப்படி அவர் எங்கள் வீட்டில்தான் ஐந்து வாரம் தங்கியிருந்தார். அடுத்த மாதம் மும்பையில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கான விசா நேர்காணல். கல்யாணப் புகைப்படங்கள் எங்களிடம் குறைவு. “தாய் வீட்டில் இருப்பதாகச் சொன்னால் சந்தேகப்படுவார்கள், மாமியார் வீட்டில் இருப்பதாகச் சொல்” என்று ஒரு டிராவல்ஸ்காரர் சொல்லி, கேள்வி பதில்களையும் அச்சடித்து மனப்பாடம் செய்யக் கொடுத்திருக்கிறார். என்ன செய்வது? - வாசகி, கீழக்கரை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தாளை இன்றே ஒதுக்கி வைத்துவிடுங்கள். நேர்காணலின் தொடக்கத்தில், சொல்வதெல்லாம் உண்மை என்று வலக்கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். நீங்கள் நிரப்பிய டி.எஸ்.260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பத்தில் நீங்கள் குடியிருந்து வந்த முகவரிகள் எல்லாம் பதிவாகியிருக்கும். அதில் தாய் வீட்டைக் குறிப்பிட்டுவிட்டு, ஜன்னல் முன் நின்று மாமியார் வீட்டில் இருப்பதாகச் சொன்னால், உண்மையான உங்கள் திருமணத்தின் மீது நீங்களே சந்தேகத்தை வரவழைத்துக்கொள்வீர்கள். விசாவுக்காகப் பொய் சொன்னதாக முடிவு செய்யப்பட்டால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி நிரந்தரத் தடையே வரலாம். அந்த யோசனையைச் சொன்னவருக்கு இதனால் எந்த நட்டமும் இல்லை.

மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்குவது கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தலைமுறைகளாக இருந்து வரும் வழக்கம். அதிகாரிக்கு அது தெரியாமல் இருக்கலாம், கேட்டால் விளக்குங்கள். “எங்கள் ஊரில் கல்யாணமான பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள். கணவர் ஊருக்கு வந்தால் இங்குதான் தங்குவார். என் அக்காவின் கணவரும் அப்படித்தான்” என்று உங்கள் குடும்பத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னால், மறு கேள்வி வந்தாலும் தடுமாற வேண்டியிருக்காது. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், தமிழில் பதில் சொல்ல விரும்புவதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுங்கள்.

புகைப்படம் குறைவு என்பதற்காக இப்போது புடவை மாற்றி மாற்றிப் புதிதாக எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெண்கள் படம் எடுத்துக்கொள்வதில்லை என்றால் அதையே சொல்லலாம். கணவருடைய பாஸ்போர்ட்டில் உள்ள வருகை முத்திரையின் நகல், விமானச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, அவர் வங்கி வழியாக அனுப்பிய பணத்தின் விவரம், மாதவாரியாகச் சில வாட்ஸ்அப் அழைப்புப் பதிவுகள் ஆகியவை நாற்பது மேடைப் படங்களைவிடத் தெளிவாகப் பேசும். உங்கள் உம்மாவின் சமையற்கட்டில் அவர் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு படம் கைப்பேசியில் இருந்தால், அதை அச்சிட்டுப் பின்புறம் தேதியையும் உடன் இருப்பவர்களின் பெயரையும் எழுதி வையுங்கள்.

ஜமாஅத் தரும் நிக்காஹ் சான்றோடு நின்றுவிடாமல், தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்ற சான்றிதழின் அசலையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. தமிழில் மட்டும் உள்ள ஆவணங்களுக்கு, மொழிபெயர்த்தவர் கையொப்பமிட்ட உறுதிமொழியுடன் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

பெயர் விஷயத்தில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் சிக்குகிறார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், உங்கள் பெயர் விசாவில் அந்தக் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயருக்கான இடத்தில் ‘எஃப்.என்.யூ’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். பார்க்கச் சங்கடமாக இருக்குமே தவிர, விசா மறுக்க அது காரணமாகாது. ஒரு மாதமே இருக்கும் நிலையில் இதற்காகப் பாஸ்போர்ட்டை மாற்றப் போகாதீர்கள். காவல்துறைச் சான்றில் பாஸ்போர்ட் எண் இருப்பதால் அதையும் மறுபடி வாங்க வேண்டிவரும். ஆனால் நிக்காஹ் சான்றில் ஓர் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து என்று இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி வழக்கறிஞரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவர் மும்பைக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்களைப் பொருளாதார ரீதியாகத் தாங்குவதாக உறுதியளித்து அவர் கையொப்பமிட்ட ஐ-864 படிவமும் அண்மைய வருமான வரி விவரமும் உங்கள் கையில் இருக்கட்டும். மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செய்ய வேண்டும்.

விசாவை உடனே தராமல் நிறுத்திவைக்கும் சட்டப் பிரிவான 221(ஜி) என்று குறிப்பிட்ட தாளைக் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அழுதுகொண்டு வெளியே வராதீர்கள். பெரும்பாலும் விடுபட்ட ஆவணத்தைக் கேட்டோ, கூடுதல் பரிசீலனைக்காகவோதான் அதைத் தருவார்கள். விசா கைக்கு வரும்வரை பயணச்சீட்டு வாங்காதீர்கள். வேலையில் இருந்தால் அதை விடாதீர்கள்.

அமெரிக்காவில் இறங்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறையாததால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு ஆண்டுக்கான நிபந்தனையுள்ள கிரீன் கார்டுதான். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் அந்த நிபந்தனையை நீக்கக் கோரி இருவரும் சேர்ந்து ஐ-751 மனு கொடுக்க வேண்டும். அதற்கு இருவர் பெயரிலுமான வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், காப்பீடு போன்றவற்றைக் கேட்பார்கள். போன முதல் மாதத்திலேயே அவற்றில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி, நகல்களை ஒரு கோப்பில் போட்டு வாருங்கள்.